இரண்டாவது சம்பளம்: திருப்பூரில் படுக்கையில் விழுந்தவரைக் கவனிக்கப் பொதுப் பணம் எங்கே?

திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போகும் ஒருவர் பக்கவாதம் வந்து விழுந்தால் அந்த வீட்டில் இரண்டு சம்பளம் நின்றுபோகிறது. ஓவர்லாக் மெஷினோ பேட்லாக் மெஷினோ ஓட்டிக்கொண்டிருந்தவரின் சம்பளம் அந்தச் சனிக்கிழமையே நின்றுவிடும். அவரைப் புரட்டிப் படுக்கவைக்க, குளிப்பாட்ட, வேளைக்கு மாத்திரை கொடுக்க, பிசியோதெரபிக்கு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போக ஆள் வேண்டும். அதனால் செக்கிங்குக்கோ கைமடி என்ற உதவி வேலைக்கோ போய்க்கொண்டிருந்த மனைவியோ மகளோ சில வாரத்தில் வேலையை விடுகிறார். அது இரண்டாவது சம்பளம். முதல் சம்பளத்தின் இழப்பை ஈடுகட்டக் காப்பீட்டுப் பணமும் அரசுப் பணமும் ஓரளவு உண்டு. இரண்டாவதற்கு அநேகமாக ஒன்றும் இல்லை. நீண்டகாலப் பராமரிப்புக்குப் பொதுப் பணம் தேடி அலைகிறவர்கள் இந்த இரண்டையும் முதலிலேயே பிரித்துப் பார்த்துக்கொள்வது நல்லது. திட்டங்களின் பெயர்கள் எத்தனை இருந்தாலும், அவற்றில் பெரும்பாலானவை முதல் சம்பளத்தையோ ஆஸ்பத்திரி பில்லையோ பற்றியவைதான்.

பெரிய பணம் எல்லாம் மருத்துவமனை வாசல்வரை வந்து நின்றுவிடுகிறது. 2021 டிசம்பர் 18 அன்று மேல்மருவத்தூரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டம், சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையைக் கட்டணமின்றித் தருகிறது. தொடங்கியபோது அதன் உச்சவரம்பு 1 லட்சம் ரூபாய். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய்வரை தாங்குகிறது. 2022 ஜனவரியில் தமிழ்நாட்டில் ஒரே நாளில் திறக்கப்பட்ட 11 அரசு மருத்துவக் கல்லூரிகளில் திருப்பூரும் ஒன்று. இவற்றைக் குறைத்து மதிப்பிட முடியாது. பல்லடம் ரோட்டில் இரவு ஷிப்ட் முடிந்து வண்டியில் வந்து விழுந்தவரின் உயிர் இவற்றால் பிழைக்கிறது. ஆனால் அவருக்குத் தண்டுவடம் முறிந்திருந்தால், அறுவைசிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்தபின் இருக்கிற இருபது முப்பது வருடம் எந்தக் காப்பீட்டுத் தொகுப்பிலும் வராது. முதலமைச்சர் காப்பீட்டுக்கான வருமான வரம்பு ஆண்டுக்கு 1,20,000 ரூபாய், அதாவது மாதம் 10,000. கணவனும் மனைவியுமாக இருவர் கம்பெனிக்குப் போகும் வீடு உண்மையான கணக்கைச் சொன்னால் இந்த வரம்பில் அடங்குவது அரிது. தாலுகா ஆபீஸில் வாங்கும் வருமானச் சான்றுக்கும் சனிக்கிழமைச் சம்பளக் கவருக்கும் உள்ள தூரத்தைப் பற்றி இந்த ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

திருப்பூர்த் தொழிலாளிக்கு மிகப் பெரிய வாசல் ஈ.எஸ்.ஐ. என்னும் தொழிலாளர் அரசுக் காப்பீடுதான். 1948 சட்டம். தமிழ்நாட்டில் அது முதலில் காலூன்றியதும் இந்தக் கொங்குப் பகுதியில்தான், 1955 ஜனவரியில், கோவையில். மில் தொழிலாளியை மனதில் வைத்து உண்டான திட்டம் அது. நிரந்தர வேலை, ஒரே முதலாளி, மாதச் சம்பளம் என்ற மூன்றையும் நம்பியே அதன் விதிகள் எழுதப்பட்டன. பனியன் தொழிலில் மூன்றுமே தகராறு. இங்கே பீஸ் ரேட், கான்ட்ராக்ட், ஜாப் ஒர்க், சீசனுக்குச் சீசன் கம்பெனி மாற்றம்.

ஈ.எஸ்.ஐ. தரும் சாதாரண நோய்க்காலப் பணம் சம்பளத்தில் 70 சதவீதம், ஆண்டுக்கு 91 நாள்வரை. பலருக்கும் தெரிந்தது இவ்வளவுதான். 91 நாள் முடிந்ததும் 'இனி ஈ.எஸ்.ஐ.யில் ஒன்றும் வராது' என்று விட்டுவிடுகிற குடும்பங்கள் உண்டு. அதன் பிறகு ஒரு படி இருக்கிறது. நீட்டிக்கப்பட்ட நோய்க்காலப் பலன் என்ற அந்தப் பிரிவில் 34 நோய்கள் பட்டியலிடப்பட்டுள்ளன. புற்றுநோய், காசநோய், ஒருபக்கக் கை கால் செயலிழப்பு, இடுப்புக்குக் கீழ் செயலிழப்பு, பார்கின்சன், மனச்சிதைவு, மறதிநோய், சர்க்கரையால் கால் புண்ணாகிப்போவது போன்றவை அதில் அடங்கும். இதில் சம்பளத்தின் 80 சதவீதம் இரண்டு ஆண்டுவரை கிடைக்கும். நாள் சம்பளம் 600 ரூபாய் என்று பதிவாகியிருந்தால் நாளுக்கு 480 ரூபாய். நீண்டகால நோயில் கிடக்கும் ஒரு தனியார் தொழிலாளிக்கு இந்தியாவில் கிடைக்கும் பொதுப் பணத்தில் இதைவிடப் பெரியது வேறு எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை.

சிக்கல் நிபந்தனையில் இருக்கிறது. சாதாரண நோய்க்காலப் பணத்துக்கு ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை, அல்லது அக்டோபர் முதல் மார்ச் வரை உள்ள ஆறு மாதத்தில் 78 நாள் சந்தா கட்டியிருக்க வேண்டும். நீட்டிப்புப் பலனுக்கு இரண்டு ஆண்டு தொடர்ந்து வேலையில் இருந்திருக்க வேண்டும். அந்த இரண்டு ஆண்டில் 156 நாளுக்காவது சந்தா கட்டியிருக்க வேண்டும். 156 என்ற எண் பெரிதில்லை. ஒழுங்காகப் பிடித்தம் செய்யும் கம்பெனியில் ஒரே வருடத்தில் தாண்டிவிடலாம். ஆனால் கம்பெனி மாறும்போது பழைய ஈ.எஸ்.ஐ. நம்பரைச் சொல்லாமல் புதிய நம்பர் போட்டுக்கொண்டவருக்கு நாட்கள் இரண்டு மூன்று கணக்கில் சிதறிக் கிடக்கும். கான்ட்ராக்டர் பேரில் வேலை செய்து, பட்டியலில் சில மாதம் பேர் ஏறி சில மாதம் விட்டுப்போனவருக்கும் இதே கதி. வாழ்நாள் முழுக்க ஒரே நம்பர்தான் என்பது விதி. அது தெரியாமல் போவதன் விலை, விழுந்த பிறகுதான் தெரிகிறது. சம்பளத்தில் பாதியைக் கணக்கில் காட்டாமல் கையில் வாங்கிக்கொள்ளும் பழக்கமும் அப்படித்தான். பிடித்தம் குறைகிறதே என்று இருதரப்பும் சந்தோஷப்படும் அந்த ஏற்பாட்டில், 80 சதவீதம் என்பது காட்டிய சம்பளத்தின் 80 சதவீதமாகச் சுருங்கிப்போகிறது.

இரண்டு ஆண்டு முடிந்தபின்? வேலையினால் ஏற்பட்ட விபத்து என்றால் நிரந்தர ஊனப் பலன் உண்டு. முழு ஊனத்துக்குச் சம்பளத்தில் 90 சதவீதம், ஆயுள் முழுவதும். காம்பாக்டிங் மெஷினில் கை போனவருக்கு, போனது எவ்வளவோ அந்த விகிதத்தில் இது கிடைக்கும். ரத்த அழுத்தத்தால் வந்த பக்கவாதத்துக்குக் கிடைக்காது. அவர் பி.எப். ஓய்வூதியத்தின் பக்கம் திரும்ப வேண்டும். 1995இல் வந்த அந்த ஓய்வூதியத் திட்டத்துக்குப் பத்து ஆண்டுச் சேவை வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். வேலையில் இருக்கும்போதே நிரந்தரமாக முழுதும் செயலிழந்துபோனவருக்கு அந்தப் பத்து ஆண்டுக் கணக்கு இல்லை, ஒரு மாதச் சந்தா கட்டியிருந்தாலே போதும் என்பது பலருக்குத் தெரியாது. தொகை சிறியது, 2014 செப்டம்பரிலிருந்து குறைந்தபட்ச ஓய்வூதியம் மாதம் 1,000 ரூபாய். ஆனால் ஓய்வூதியப் படிவம் போடாமல், பி.எப். பணத்தோடு ஓய்வூதியக் கணக்கில் உள்ளதையும் மொத்தமாக எடுத்துச் செலவழித்துவிட்டால் இந்த வாசலும் அடைபடும். விழுந்த மூன்றாவது மாதத்தில் கடன்காரர் வாசலில் நிற்கும்போது மொத்தமாக எடுக்காமல் இருப்பவர் யார் என்பது வேறு கேள்வி.

இதுவரை சொன்னது எல்லாம் முதல் சம்பளம். கவனிப்பவருக்கு என்று பார்த்தால், வேலையில் அடிபட்டு முழு ஊனமானவருக்கு ஈ.எஸ்.ஐ. தரும் 90 சதவீதத்தில்கூட, அவரைக் கவனிக்கும் ஆளுக்கென்று தனித் தொகை இல்லை. இது யாரும் யோசிக்காத விஷயம் என்று சொல்ல முடியாது. உலகத் தொழிலாளர் அமைப்பின் 1964ஆம் ஆண்டு 121ஆம் உடன்படிக்கை, இன்னொருவரின் இடைவிடாத துணை தேவைப்படும் ஊனமுற்றவருக்குக் கூடுதல் தொகை தர வேண்டும் என்று 16ஆம் பிரிவில் சொல்கிறது. இந்தியா அந்த உடன்படிக்கையை ஏற்கவில்லை. ஆனால் மத்திய அரசு தன் ஊழியர்களுக்கு அதையே செய்கிறது. பணி காரணமாக 100 சதவீதம் ஊனமுற்று, அன்றாடத் தேவைக்கே பிறரை நம்பியிருக்கும் ஊழியருக்கு 'இடைவிடாத உதவியாளர் படி' என்று ஒன்று உண்டு. 7ஆவது ஊதியக் குழுவுக்குப் பின் அது மாதம் 4,500இலிருந்து 6,750 ரூபாயானது. வருமான வரிச் சட்டத்தின் 80டிடி பிரிவும் இதே வகைதான். பழைய வரிமுறையில் இருப்பவர், தம்மை நம்பியிருக்கும் மாற்றுத்திறனாளிக் குடும்பத்தினருக்காக 75,000 ரூபாயும், ஊனம் 80 சதவீதமோ அதற்கு மேலோ என்றால் 1,25,000 ரூபாயும் வருமானத்தில் கழித்துக்கொள்ளலாம். அரசு வாங்காமல் விட்ட வரியும் அரசுப் பணம்தான். ஆக, வீட்டில் ஒருவரைக் கவனிப்பது செலவு பிடிக்கும் வேலை என்பதை அரசு நன்றாகவே அறிந்திருக்கிறது. தன்னிடம் வேலை செய்பவர் விஷயத்திலும் வரி கட்டுபவர் விஷயத்திலும் அறிந்திருக்கிறது. பவர் டேபிளில் தைக்கும் பனியன் தொழிலாளி இரண்டிலும் இல்லை.

தமிழ்நாட்டில் அவருக்கு மிச்சமிருக்கும் வழி மாற்றுத்திறனாளிகள் நலத்துறை. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 24ஆம் பிரிவு, அதிக ஆதரவு தேவைப்படுவோரின் பராமரிப்பாளருக்கு உதவித்தொகை என்பதைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. தமிழ்நாடு கடுமையாகப் பாதிக்கப்பட்டோருக்கு மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை தருகிறது. ஊனம் 75 சதவீதமோ அதற்கு மேலோ இருக்க வேண்டும், அல்லது அறிவுசார் குறைபாடு, தசைச்சிதைவு, பார்கின்சன், தண்டுவடப் பாதிப்பு போன்ற குறிப்பிட்ட வகைகளில் வர வேண்டும். அதற்கு மேல், அதிக ஆதரவு தேவைப்படுவோரின் உதவியாளருக்கு மாதம் 1,000 ரூபாய். இந்த மாநிலத்தில் அரசு நேராக இரண்டாவது சம்பளத்துக்கு என்று நீட்டும் ஒரே பணம் இந்த ஆயிரம்தான். தொகையைப் பார்த்துச் சிரிக்கலாம். செக்கிங்குக்குப் போனால் இரண்டு மூன்று நாளில் வரும் கூலி. இருந்தாலும், கவனிப்பதும் வேலைதான் என்று ஒரு அரசாணை ஏற்றுக்கொண்டிருக்கிறது என்பது சின்ன விஷயமில்லை.

அந்த மூவாயிரத்துக்குப் போகும் பாதையில் அரசு மருத்துவமனையில் மருத்துவக் குழுவின் சான்று, யு.டி.ஐ.டி. என்ற மாற்றுத்திறனாளி அடையாள அட்டை, பிறகு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விண்ணப்பம் என்று படிகள் உண்டு. பக்கவாதம் தாக்கிய உடனே நிரந்தர ஊனம் இத்தனை சதவீதம் என்று சொல்ல முடியாது. எவ்வளவு தேறுகிறார் என்று மருத்துவர் பொறுத்துத்தான் பார்ப்பார். அது நியாயம். ஆனால் வீட்டில் கை இறுகிப்போவது அந்த முதல் மாதங்களில்தான். ஈ.எஸ்.ஐ. பணம் வந்துகொண்டிருக்கும் காலத்திலேயே ஊனச் சான்றுக்கான வேலையைத் தொடங்கிவிட்டால், ஒன்று நிற்கும்போது இன்னொன்று வந்து சேரும். நடைமுறையில் முதல் பணம் நின்ற பிறகே இரண்டாவதற்கு நடக்கத் தொடங்குகிறார்கள். கிரேஸ் கார்ஸ்வெல், தாமஸ் சேம்பர்ஸ், கீர்ட் டி நெவ் ஆகிய மூவர், இந்தியாவில் எளிய மக்கள் அரசு அலுவலகங்களில் காத்துக் கிடப்பதையே பொருளாக எடுத்து 2019இல் ஆய்வுக் கட்டுரை எழுதினார்கள். படுக்கையில் ஆள் இருக்கும் வீட்டில், அலுவலகம் போய்க் காத்திருக்கவும் ஒரு ஆள் வேண்டும், அதுவரை வீட்டில் இருக்கவும் ஒரு ஆள் வேண்டும்.

வயதானவர் என்றால் முதியோர் உதவித்தொகை, ஊரில் 'ஓ.ஏ.பி. பணம்' என்பார்கள். 1962இல் அன்றைய சென்னை மாநிலம் தொடங்கியது. 2023 ஆகஸ்ட் முதல் மாதம் 1,200 ரூபாய். அதில் மத்திய அரசின் பங்கு 60 முதல் 79 வயதுவரை உள்ளவருக்கு வெறும் 200 ரூபாய்தான், மற்றதை மாநிலம் போடுகிறது. எனக்கு உறுத்துவது தொகையைவிட அதன் தகுதிச் சொல்: 'ஆதரவற்றோர்'. சம்பாதிக்கிற மகன் இருந்தால் மனு நிற்காது. 2007ஆம் ஆண்டு பெற்றோர் பராமரிப்புச் சட்டத்தின் நோக்கும் இதே திசையில்தான். பிள்ளைகள் கவனிக்காவிட்டால் கோட்டாட்சியரிடம் மனு கொடுத்து மாதம் 10,000 ரூபாய்வரை ஜீவனாம்சம் வாங்கலாம். குடும்பம் கைவிட்டால் அரசு வரும், கைவிட்ட குடும்பத்தை அரசு கண்டிக்கும். கைவிடாமல், வேலையை விட்டுவிட்டு உட்கார்ந்து கவனிக்கும் மருமகளுக்கு இந்த ஏற்பாட்டில் இடமே இல்லை. 2023 செப்டம்பரில் வந்த மகளிர் உரிமைத்தொகை ஆயிரம் ரூபாய், பெண்ணின் ஊதியமில்லா உழைப்பை முன்னிறுத்தித்தான் பேசியது. ஆனால் படுக்கையில் ஆள் இருக்கும் வீட்டுக்கும் இல்லாத வீட்டுக்கும் அதே ஆயிரம்தான்.

பணமாக வராமல் ஆளாக வரும் உதவியும் உண்டு. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' வீட்டுக்கே வந்து ரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரை தருகிறது. இயன்முறைச் சிகிச்சையும் நோய்த்தணிப்புச் சிகிச்சையும் தருகிறது. 2024இல் ஐ.நா. அமைப்பின் விருதும் பெற்றது. மாத்திரை விஷயத்தில் அது நன்றாக நடக்கிறது. இயன்முறைக்கும் நோய்த்தணிப்புக்கும் வட்டாரத்துக்கு ஒருவர் என்றுதான் திட்டத்தை வகுத்தார்கள். திருப்பூர் மாவட்டத்தில் வட்டாரங்கள் 13. ஒரு வட்டாரத்தில் உள்ள எல்லாப் படுக்கைகளுக்கும் ஒருவர் எத்தனை நாளுக்கு ஒருமுறை வர முடியும் என்பதைக் கணக்குப் போட்டுப் பார்க்கவே தேவையில்லை.

பாலக்காட்டுக் கணவாய்க்கு அந்தப் பக்கம் கதை கொஞ்சம் வேறு. 1993இல் கோழிக்கோட்டில் தொடங்கிய வலிநிவாரண இயக்கம், தன்னார்வலர்களைச் சேர்த்துக்கொண்டு வளர்ந்து, 2008இல் கேரள அரசின் நோய்த்தணிப்புக் கொள்கையானது. இன்று அங்கே பஞ்சாயத்துகள் வீடு தேடிப் போகும் செவிலியருக்குத் தங்கள் நிதியில் சம்பளம் தருகின்றன. 'ஆஸ்வாசகிரணம்' என்ற திட்டத்தில், படுக்கையில் கிடப்பவரைக் கவனிப்பவருக்கு மாதம் 600 ரூபாய். அந்தப் பணம் மாதக்கணக்கில் நிலுவை என்ற செய்தியும் அடிக்கடி வரும். வரவுசெலவுத் திட்டத்தில் ஆண்டுதோறும் ஒதுக்கப்படும் உதவித்தொகை எதற்கும் உள்ள பலவீனம் இது. நிதி இறுகினால் முதலில் தள்ளிப்போடப்படுவது இப்படிப்பட்ட தொகைதான்.

அந்தப் பலவீனம் இல்லாத வழியை, சந்தா கட்டும் காப்பீட்டை, ஜெர்மனி 1995 ஜனவரியில் எடுத்தது. நீண்டகாலப் பராமரிப்புக்கென்றே தனிக் காப்பீடு. தொடக்கத்தில் சம்பளத்தில் 1 சதவீதம், தொழிலாளியும் முதலாளியும் பாதிப் பாதி. முதலாளிகள் தங்கள் பாதியை ஈடுகட்ட என்ன வழி என்று கேட்டபோது, நவம்பரில் வரும் ஒரு பிரார்த்தனை நாள் விடுமுறையை ரத்து செய்து வேலை நாளாக்கினார்கள். சாக்சனி மாநிலம் மட்டும் விடுமுறையை விட மறுத்தது; அங்கே தொழிலாளி கூடுதலாகக் கட்டுகிறார். ஷிப்ட் கணக்கில் வாழும் திருப்பூர்க்காரருக்கு இந்தப் பேரம் உடனே புரியும். அந்தக் காப்பீட்டில் வீட்டுக்குச் செவிலியரை வரவழைக்கலாம், அல்லது பணமாக வாங்கிக் குடும்பத்தில் கவனிப்பவருக்குக் கொடுக்கலாம். 2025 கணக்கில் இரண்டாம் நிலை பாதிப்புக்கு மாதம் 347 யூரோ, ஐந்தாம் நிலைக்கு 990 யூரோ. கவனிப்பதற்காக வேலையைக் குறைத்துக்கொண்டவரின் ஓய்வூதியச் சந்தாவையும் காப்பீடே கட்டுகிறது. ஜப்பான் 2000இலும் தென்கொரியா 2008இலும் தங்கள் வழியில் இதையே செய்தன. சந்தா வளர்ந்துகொண்டே போகும் என்பதையும் சொல்ல வேண்டும். ஜெர்மனியின் 1 சதவீதம் 2025இல் 3.6 சதவீதமாகியிருக்கிறது.

'ஏழை நாட்டில் இதெல்லாம் நடக்குமா?' என்ற கேள்விக்கு 2019இல் நடந்த ஒன்றை வைத்துப் பார்க்கலாம். அந்த ஜூலை 1 முதல் ஈ.எஸ்.ஐ. சந்தா 6.5 சதவீதத்திலிருந்து 4 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. முதலாளியின் பங்கு 4.75இலிருந்து 3.25 ஆனது; தொழிலாளியின் பங்கு 1.75இலிருந்து 0.75. மாதம் 15,000 சம்பளத்தில் 375 ரூபாய் குறைந்தது. தொழிலாளிக்குக் கையில் வந்தது 150. மீதி முதலாளிக்கு. குறைத்ததை வரவேற்காதவர் அப்போது குறைவு. ஆர்டர் விலை நெருக்கிக்கொண்டிருந்த காலம். ஆனால் இரண்டரை சதவீதத்தை விட்டுக்கொடுக்க முடிந்த ஒரு நிதியில், அரை சதவீதத்தைப் பராமரிப்புக்கென்று நிறுத்திவைத்திருந்தால் அதே சம்பளத்தில் அது 75 ரூபாய். மூன்று கோடிக்கு மேற்பட்டவர்கள் சந்தா கட்டும் திட்டம் அது. அந்தக் கேள்வியை அன்று தொழிற்சங்கங்களும் எழுப்பவில்லை, முதலாளி சங்கங்களும் எழுப்பவில்லை என்றே என் நினைவு. 1984இல் பஞ்சப்படிக்காக 127 நாள் வேலைநிறுத்தம் செய்த ஊர் இது. இங்கே சில ஆண்டுக்கு ஒருமுறை இருதரப்பும் உட்கார்ந்து போடும் கூலி ஒப்பந்தத்தில் சதவீதம் பேசப்படும். படுக்கையில் விழுந்தபின் என்ன என்பது பேசப்பட்டதில்லை. ஐரோப்பிய பையர் அனுப்பும் ஆடிட்டர் வேலைநேரம் பார்ப்பார், ஈ.எஸ்.ஐ. ரசீது பார்ப்பார், தீயணைப்புக் கருவி பார்ப்பார். வருகைப் பதிவேட்டில் பேர் இல்லாமல் போனவரைப் பற்றிக் கேட்க அவரிடம் கட்டம் இல்லை.

ஈ.எஸ்.ஐ.யையே ஏன் பிடித்துக்கொள்ள வேண்டும், மாநில அரசின் ஆயிரத்தை மூவாயிரமாக்கக் கேட்டால் போதாதா என்று கேட்கலாம். கேட்கத்தான் வேண்டும், ஈ.எஸ்.ஐ.க்கு வெளியே உள்ள பத்து பேருக்குக் குறைவான ஜாப் ஒர்க் யூனிட்டுகளுக்கும், வீட்டில் உட்கார்ந்து பிசிர் வெட்டும் பெண்களுக்கும் அது ஒன்றுதான் கைகொடுக்கும். ஆனால் இன்று திருப்பூரின் தையல் மெஷின்களில் பெரும் பகுதியை ஓட்டுபவர்கள் ஒடிசா, பீகார், ஜார்கண்டிலிருந்து வந்தவர்கள். அவர்களில் ஒருவர் விழுந்தால் சொந்தக்காரர்கள் ரயிலில் ஏற்றி ஊருக்குக் கொண்டுபோய்விடுவார்கள். தமிழ்நாட்டின் 2,000மும் 1,000மும் அந்த ரயிலில் ஏறாது, அவை இந்த மாநிலத்தில் குடியிருப்போருக்கானவை. ஈ.எஸ்.ஐ. நம்பர் ஏறும். வங்கிக் கணக்கு எங்கே இருந்தாலும் பணம் போகும். இந்தத் தொழிலின் எல்லாத் தொழிலாளிக்கும் இரண்டாவது சம்பளத்தைத் தரக்கூடிய குழாய் என்று ஒன்று ஏற்கெனவே போடப்பட்டிருக்கிறது என்றால் அது இதுதான். அதில் தண்ணீர் விடப் புதிதாக ஒரு நாடாளுமன்றச் சட்டம் தேவைப்பட்டிருக்காது. நிதி இடம் கொடுக்கும்போது எந்தப் பலனின் அளவையும் காலத்தையும் கூட்ட, 1948ஆம் ஆண்டின் பழைய ஈ.எஸ்.ஐ. சட்டத்தின் 99ஆவது பிரிவு கழகத்துக்கே அதிகாரம் தந்திருந்தது. 91 நாளில் நின்றிருந்த நோய்க்காலப் பணம் இரண்டு ஆண்டாக நீண்டது அந்தப் பிரிவின் கீழ்தான்.